சம்பளச் சீட்டில் இல்லாத கடன்

ரிங்லெட்,
23-11-2025, ஞாயிறு

அன்புள்ள மகன் புவனேஸ்வரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அப்பாவும் உயிரோடும் ஓரளவு உடம்பு சுகத்தோடும் இருக்கிறோம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் உன் சுகம் எனக்குத் தெரியும், போன வாரம் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நீ நிற்கிற படத்தை உன் தங்கச்சி உமா போனில் அனுப்பியிருந்தாள், கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது, மெல்போர்ன் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது போல. நீ போன இந்த மூன்று வருடத்தில் நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை, போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீயே சொல்லியிருக்கிறாய். இப்போது வாட்சப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. கூப்பிட்டால் வேலையில் இருக்கிறேன் என்று ஒரு வரி வருகிறது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை, தீபாவளி அன்றைக்கும் வேலை. அதனால்தான் இதைக் காகிதத்தில் எழுதி தானா ராத்தா போஸ்டாபீசில் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகிறேன். பாதியில் நிறுத்தாமல் கடைசி வரைக்கும் படி. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வருடம் படித்தவன் நீ, என் எழுத்து புரியவில்லை என்று சொல்ல முடியாது.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்குப் பிறகு மழை விடவே இல்லை, தாப்பா ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து கார்கள் எல்லாம் ஊர்ந்து வருகின்றன, அப்படியும் ஸ்ட்ராபெரி பார்க்க வருகிற கூட்டம் குறையவில்லை. அப்பாவுக்கு இருமல் இருக்கிறது, ட்ரையர் பக்கத்தில் நின்று முப்பது வருடம் தேயிலைத் தூசியை இழுத்த நெஞ்சு, குளிர் வந்தால் சும்மா இருக்குமா. ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து வாங்கி வருகிறேன், பாதியைச் சாப்பிடுகிறார், பாதியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார். உமாவும் மருமகனும் பிள்ளையும் தீபாவளிக்கு ஈப்போவிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தார்கள். பிள்ளைக்கு முன்பல் விழுந்துவிட்டது, அந்த ஓட்டையைக் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள், ஆஸ்திரேலியா மாமா வரவில்லையா என்று கேட்டாள், வருவார் என்று சொல்லி வைத்தேன். என் வேலை பழையபடிதான், பேக்டரியில் பேக்கிங் பக்கம், ஆனால் இப்போது என்னைத் தவிர மற்ற எல்லாரும் நேபாளத்துப் பெண்கள், நல்ல பிள்ளைகள், என்னை ஆமா என்று கூப்பிடுகிறார்கள், அவர்கள் ஊரில் அம்மாவுக்கு அப்படித்தான் பேராம்.

பெரிய செய்தி என்னவென்றால் நம் லயத்து வீட்டு வரிசையை இடிக்கப் போகிறார்கள். மார்ச் மாதம் எல்லாரும் காலி செய்துவிட வேண்டும், அந்த இடத்தில் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்கு மர வீடுகள் வரப்போகிறதாம், நாம் குளிருக்குச் சாக்கு அடைத்த ஜன்னலிலிருந்து தெரிகிற அதே மலையைப் பார்ப்பதற்கு ஒரு ராத்திரிக்கு என் பத்து நாள் சம்பளத்தை வாங்குவார்களாம். சும்மா போகச் சொல்லவில்லை, நியாயத்தைச் சொல்லவேண்டும். ரிங்லெட்டில் குறைந்த விலை வீடு கட்டுகிறவரிடம் பேசித் தோட்டத்து ஆட்களுக்கு என்று ஒரு வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு அறை, ஒரு ஹால், வாசலில் நாலு செடி வைக்க இடம். முன்பணத்துக்குச் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம், மிச்சத்துக்கு பேங்க் லோன், பேங்க் சரி என்று கொடுக்கிற கடிதத்தை டிசம்பர் முடிவதற்குள் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க முடியாதவர்களுக்கு ஆஸ்ரமா ஹாஸ்டலில் இடம், அதுவும் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும், பெண்கள் ஒரு கட்டடம், ஆண்கள் ஒரு கட்டடம், ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு அலமாரி. ஓய்வு பெற்றவர்களுக்கு இடம் கிடையாது. நம் லயத்தில் பதினோரு குடும்பம், பத்துக் குடும்பத்துக்கு பேங்க் கடிதம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் காளியம்மா, புது வீட்டிலும் நாம் பக்கத்தில் பக்கத்தில்தானே இருக்கப்போகிறோம், இரண்டு வீட்டுக்கும் ஒரே பச்சை அடிக்கலாமா என்று கேட்கிறாள். நான் இன்னும் யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதை நீ ஒரு தடவை என் வாயால் கேட்கவேண்டும். செப்டம்பர் மாதம் தீபாவளிக்கு என்று எடுத்து வைத்திருந்த புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு தானா ராத்தா பேங்குக்குப் போனேன். லோன் பகுதியில் இருப்பது நஜிஹா, உனக்கு ஞாபகம் இருக்கும், பஸ் ஸ்டேஷன் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ஸுல்கிஃப்லி பாயின் மகள், நம்மோடு தமிழில்தான் பேசுவாள். என் ஐசி அடையாள அட்டை நம்பரைத் தட்டினாள், தட்டிவிட்டு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள், ஆன்ட்டி உங்களிடம் கார் இருக்கா என்று கேட்டாள். எனக்குச் சைக்கிளே ஓட்டத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, திரையை என் பக்கம் திருப்பினாள். இதில் யார் பேரில் என்ன கடன் இருக்கிறது, போன பன்னிரண்டு மாதமும் ஒழுங்காகக் கட்டினாரா இல்லையா என்று எல்லா பேங்கும் எழுதி அனுப்புவதைச் சேர்த்து வைத்திருப்பார்களாம், எந்த பேங்கில் போய்க் கேட்டாலும் முதலில் இதைத்தான் பார்ப்பார்களாம். நல்லவள் கெட்டவள் என்றெல்லாம் அதில் எழுதியிருக்காது, கட்டினாள், கட்டவில்லை, அவ்வளவுதான்.

மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு எண். என் பேருக்கு நேராக அந்த எண் ஏறிக்கொண்டே போயிருந்தது. நம் செக்ரோல் பதிவேட்டில் எண் ஏறினால் சம்பளம் ஏறும், பூஜ்யச் சுழி விழுந்தால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம். முப்பது வருடமாக அதையே பார்த்த புத்தி, பரவாயில்லையே, ஒரு சுழிகூட இல்லையே என்று பெருமையாக நஜிஹாவிடம் சொன்னேன்.  அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள், "ஆன்ட்டி, இதுல சுழிதான் நல்லது லா. இந்த நம்பரெல்லாம் நீங்க எத்தனை மாசம் கட்டாம விட்டிருக்கீங்கங்கிற கணக்கு."  பின்னால் வரிசையில் கம்போங் ராஜாவிலிருந்து வந்த காய்கறித் தோட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாருக்கும் கேட்டிருக்கும். காளியம்மா டிவியைத் தவணையில் வாங்கியபோது, நாங்கள் எல்லாம் கையில் இருந்தால்தான் வாங்குவோம் என்று வாயடித்தவள் நான். என் வாய்க்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள் நஜிஹா.

அந்தக் கடன் எது என்று அப்போதுதான் புரிந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஷா ஆலாமில் உனக்கு முதல் வேலை கிடைத்தபோது, கார் இல்லாமல் போக முடியாது, படிப்புக் கடன் பாக்கி இருப்பதால் என் பேரில் கொடுக்க மாட்டார்கள், பேரை மட்டும் நீ கொடு, கட்டுவது நான் என்று நீ கேட்டாய். கார் விற்கிற ஆளை நீயே கூட்டிக்கொண்டு வந்தாய். ஸுல்கிஃப்லி பாய் கடையில் உட்கார்ந்து, அவன் பென்சிலில் குறி போட்டுக் கொடுத்த இடத்தில் எல்லாம் நான் கையெழுத்துப் போட்டேன், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் மகனை நம்பவில்லை என்று ஆகிவிடும் என்று இருந்தது. நீ மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினாய், அதையும் சொல்லவேண்டும். மெல்போர்ன் போகிறபோது காரை உன் கூட்டாளி மகேனிடம் சம்போங் பாயார் என்று விட்டுப் போயிருக்கிறாய். அவன் ஓட்டுவான், அவனே மாதம் மாதம் கட்டுவான், கடன் மட்டும் என் பேரிலேயே இருக்கும். ஊரில் பாதிப் பேர் செய்கிறார்கள் என்று சொல்லாதே, ஊரில் பாதிப் பேர் கையெழுத்துக்கு என்னைத் தேடி வரவில்லை, நீதான் வந்தாய். காரை விட்டுப் போனதை என்னிடம் சொல்லக்கூட இல்லை. காரை விற்றுவிட்டுக் கடனை முடித்துவிட்டுத்தான் போனாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்கலாம், உன் பேரில் இருக்கிற கடன் உனக்கே தெரியாமலா இருந்தது என்று. கேள், பதில் சொல்கிறேன். நம் தோட்டத்தில் கடன் என்றால் அது சம்பளச் சீட்டில் இருக்கும். யூனியன் சந்தா, கோவில் வரி, கூட்டுறவில் எடுத்தது, கடையில் எடுத்த அரிசி, எல்லாவற்றையும் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி பிடித்த பிறகுதான் மிச்சம் கைக்கு வரும். என் அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். ஒவ்வொரு மாதமும் சீட்டை வாங்கினால் முதலில் பிடித்தம் இருக்கிற பக்கத்தைத்தான் பார்ப்பேன், அதில் கார் இல்லை. அதனால் எனக்குக் கார்க் கடன் இல்லை. இது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது, ஆனால் இந்த முட்டாள்தனம் எனக்கு மட்டும் இல்லை, போய்க் கேட்டால் லயத்தில் முக்கால்வாசிப் பெண்கள் இதையேதான் சொல்வார்கள். நஜிஹாவிடம் சொன்னபோது அவளுக்கே நம்ப முடியவில்லை, சீட்டில் இல்லாவிட்டால் கடன் இல்லையா ஆன்ட்டி என்று கேட்டாள். உனக்கு இது தெரியும் புவனேஸ். நீ இந்த லயத்தில் வளர்ந்தவன், அம்மா எந்தக் காகிதத்தைப் பார்ப்பாள், எதைப் பார்க்க மாட்டாள் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்.

அடுத்ததுதான் என்னால் இன்னும் விழுங்க முடியாதது. பேங்கிலிருந்து எனக்குக் கடிதங்கள் வந்தன, ஆபீசில் கொண்டுவந்து கொடுத்தார்கள். மலாய் எனக்கு வாயில் வரும், பேங்க் எழுதுகிற மலாய் வராது. அதனால் ஒவ்வொன்றையும் போட்டோ பிடித்து உனக்குத்தான் அனுப்பினேன். உமாவுக்கு அனுப்பியிருக்கலாம், கிராணியிடம் காட்டியிருக்கலாம், ஆனால் மூத்த பிள்ளை, படித்த பிள்ளை, உன்னிடம் கேட்பதில் எனக்கு ஒரு சந்தோஷம், அதையும் சாக்காக வைத்து உன்னோடு இரண்டு வார்த்தை பேசலாமே என்று. முதல் கடிதத்துக்கு நீ எழுதினாய், அது விளம்பரம்மா, பேங்குக்காரன் சும்மா அனுப்புவான் லா, தூக்கிப் போட்டுடு என்று. இரண்டாவதுக்கும் விளம்பரம். மூன்றாவதுக்கு ஒரு கட்டை விரல் படம் மட்டும். கேட்கிறவன் கேனையன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்களாம், நான் கேழ்வரகையும் கொடுத்து, வடிகிற நெய்க்குக் கிண்ணமும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பேங்கில் அன்றைக்குப் போனைத் திறந்து அந்தப் படங்களை நஜிஹாவிடம் காட்டினேன். அவள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள், இது இரண்டு மாதப் பாக்கி, இது காரை எடுத்துக்கொள்வோம் என்கிற நோட்டீஸ், இது ஏலம் விட்டுவிட்டோம், ஏலப் பணம் போதவில்லை, மிச்சம் பதினெட்டாயிரம் வெள்ளிக்கு மேல் நீங்கள் கட்ட வேண்டும் என்பது. கடிதங்களைப் படித்தாள், ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே நீ எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. படிக்காமல் விரலால் தள்ளிவிட்டாள். ஊரான் பெற்ற பெண்ணுக்கு என்மேல் இருந்த இரக்கம் நான் பெற்றதுக்கு இல்லையே என்று அங்கேயே அழுதேன்.

மகேன் கட்டாமல் விட்டதும் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான், உமா அவனைப் பிடித்து விசாரித்துவிட்டாள், அவனுக்கும் வேலை போய்விட்டதாம். அவன்மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை, அவனுக்கு நான் யார். கஷ்டம் வந்தால் கட்ட முடியாமல் போவது எல்லாருக்கும் நடக்கிறது, அதற்காகப் பிள்ளையை யாரும் வெறுக்க மாட்டார்கள். அம்மா, அவன் கட்டவில்லை, என்னாலும் இப்போது முடியவில்லை, பேங்கில் போய்ப் பேசு என்று அந்த முதல் கடிதத்துக்கே நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். காரைத் திருப்பிக் கொடுத்திருப்பேன், சங்கிலியை அடகு வைத்திருப்பேன், எப்படியோ சமாளித்திருப்பேன். இந்த விஷயம் தெரிந்த பிறகு நான் மூன்று தடவை கூப்பிட்டு மூன்றாவது தடவை நீ எடுத்தாய். நான் திட்டவில்லை, என்னப்பா இது என்று மட்டும்தான் கேட்டேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொன்னேன் என்று இருக்கக்கூடாது. "லோன் உன் பேர்லதானம்மா இருக்கு, இங்கருந்து நான் என்னா செய்ய முடியும்." பேரை மட்டும் கொடு என்று கேட்டதும் அதே வாய்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பெரியவர்கள் சொன்னபோது, இது என்ன ஈவிரக்கம் இல்லாத பேச்சு என்று நினைத்தவள் நான். என்னை ஏமாற்றிவிட்டாய். இதை நாசூக்காக எழுத எனக்குத் தெரியவில்லை, ஏமாற்றிவிட்டாய், அதுவும் நான் உன்னை நம்பிக் கேட்ட இடத்தில் வைத்து ஏமாற்றினாய்.

இப்போது என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன், நீ கேட்காவிட்டாலும். நஜிஹா அந்தக் கார் லோன் கொடுத்த பேங்கோடு பேசி என்னை எழுதிக் கொடுக்க வைத்து, மிச்சத்தைச் சின்னத் தவணையாகப் பிரித்துக் கட்ட வழி செய்திருக்கிறாள். கிராணி தங்கராஜுவிடம் போய், இதையும் சம்பளத்திலேயே பிடித்துவிடுங்கள் என்று கேட்டேன், பேங்க் கடனை எல்லாம் ஆபீசில் பிடிக்க முடியாது அக்கா என்று சொல்லிவிட்டார். அதனால் சம்பளம் வாங்கிய மறுநாள் பஸ் ஏறி நானே போய்க் கட்டுகிறேன். ஒழுங்காகக் கட்டிக்கொண்டே வந்தால் பழைய எண்கள் ஒவ்வொரு மாதமாக அந்தப் பக்கத்திலிருந்து விழுந்துவிடுமாம், ஒரு வருடம் முழுக்கச் சுழியாக நின்றால் மறுபடி லோன் கேட்கலாமாம். ஒரு வருடம் கழித்து நான் கேட்கலாம், ஆனால் வீடு இந்த டிசம்பருக்குத்தான் காத்திருக்கும். உனக்கும் சொல்கிறேன், அங்கேயும் இப்படி ஒரு கணக்கை எவனாவது உன் பேரில் எழுதிக்கொண்டுதான் இருப்பான், அதை நாமே கேட்டு வாங்கிப் பார்க்கலாம், பார். போன் பில்லாக இருந்தாலும் நாள் தவறாமல் கட்டு. நாளைக்கு எவளையாவது கட்டிக்கொண்டால் அவள் பேரில் ஒன்றும் வாங்காதே, எந்தக் கூட்டாளி கேட்டாலும் உன் பேரைக் கொடுக்காதே, நீ இளகின மனசுக்காரன், கேட்டால் கொடுத்துவிடுவாய். பார், உன்மேல் இவ்வளவு கோபத்திலும் புத்தி சொல்ல உட்கார்ந்துவிட்டேன். பெற்ற மனம் பித்து என்பது பொய்யில்லை.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். லோன் கிடைக்காததற்குக் காரணம் கார் என்று அப்பாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் இருமிக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், "பையனுக்குத் தெரியுமா?" அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை புவனேஸ். உன் சம்பள உயர்வுக் கடிதத்தின் படத்தைப் பர்சில் வைத்துக்கொண்டு பாய் கடையில் எல்லாருக்கும் காட்டுகிற மனுஷன் அவர். தெரியாது, கூட்டாளிப் பையன் அவனையும் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் காசு ஒளித்திருக்கிறேன், மருந்து கசக்காது என்று சொல்லியிருக்கிறேன், இப்படி ஒரு பொய்யைச் சொன்னதில்லை. அதிலிருந்து அவர் உன்னை நினைத்துத்தான் வருத்தப்படுகிறார், தூர தேசத்தில் பிள்ளை என்ன கஷ்டப்படுகிறானோ, நீ அவனைத் திட்டாதே என்று எனக்குச் சொல்கிறார்.

போன வாரம் உமா ஒரு யோசனை சொன்னாள். வீட்டு லோனை அவள் பேரில் எடுப்பது, மாதாமாதம் கட்டுவது நான். மருமகனும் சரி என்றுவிட்டார், நல்ல மனுஷன். அப்பாவுக்கு அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் மலர்ந்தது. நான் வேண்டாம் என்றேன். உமாவும் மருமகனும் ஈப்போவில் சொந்தமாக ஒரு வீடு வாங்கப் பணம் சேர்க்கிறார்கள். அவள் பேரில் எங்கள் கடன் ஏறினால் நாளைக்கு அவளுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும். எனக்குக் கை கால் விழுந்து ஒரு இரண்டு மாதம் கட்டத் தவறினால், அந்தக் கட்டத்தில் எண் ஏறுவது என் பிள்ளை பேருக்கு. அவள் ஒரு நாள் பேங்கில் போய் உட்கார்ந்து அப்படி ஒரு திரையைப் பார்க்க வேண்டாம், அதுவும் என்னால். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சொந்த மகதானே கொடுக்கிறா, பேர் கொடுத்தா என்னா கொறஞ்சிடும்?" என்று கேட்டார். கொறையும் என்று மட்டும் சொன்னேன், அதற்கு மேல் சொல்லப் போனால் உன்னைச் சொல்ல வேண்டிவரும். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. கிடைக்கிற வீட்டை வீம்புக்குத் தள்ளிவிட்டேன், ராங்கி பிடித்தவள் என்று நினைக்கிறார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், தட்டைத் தானே கழுவி வைக்கிறார்.

மார்ச்சில் அப்பா உமா வீட்டுக்குப் போகிறார், அங்கே ஹாலில் ஒரு கட்டில் போடலாம். எனக்கு ஆஸ்ரமாவில் எழுதிவிட்டேன், வேலையை விட்டால் தவணையை யார் கட்டுவது. மாதம் ஒரு ஞாயிறு ஈப்போ போய் அவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன், பஸ் இருக்கிறது. கம்பெனி வீடு என்றாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழே இருந்துவிட்டோம், வயதான காலத்தில் பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் இருந்துதான் ஆகவேண்டும். அதற்கு நான் அழவில்லை. அவர் என்மேல் கோபத்தோடு போகிறாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போனில் அந்தப் படங்கள் எல்லாம் இருக்கின்றன, எடுத்துக் காட்டினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் பெற்ற பிள்ளைக்கு எதிராக அவனுடைய அப்பனிடம் சாட்சி சொல்கிற வேலையை நான் செய்ய மாட்டேன். நான் சொல்லி அவர் தெரிந்துகொள்ளக் கூடாது, நீ சொல்ல வேண்டும். உன்னிடம் பணம் கேட்கவில்லை, கட்ட எனக்குக் கை இருக்கிறது. அம்மா கடிதத்தை எல்லாம் எனக்கு அனுப்பினாள், நான்தான் விளம்பரம் என்று சொன்னேன் என்று உன் கையால் அப்பாவுக்கு எழுது. இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

குளிர்காலம் அங்கே முடிந்து வெயில் வந்திருக்கும், வெயிலில் ரொம்ப அலையாதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கில் ரத்தம் வரும். நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு நல்ல வாழ்வு அமைய வேண்டும் என்று கோவிலில் விளக்குப் போடுவதை நான் நிறுத்தவில்லை, கோபம் என்னோடு இருக்கட்டும், சாமியிடம் அதைச் சொல்லவில்லை. நூறு வயது நன்றாக இரு.

ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மார்ச் மாதத்துக்கு முன்னால் எழுதினால் இந்த விலாசத்துக்கே எழுது, ஒரு கடிதம் போதும், நானும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். அதற்குப் பிறகு என்றால் நீ இரண்டு கடிதமாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு
உன் அம்மா
இராசம்மா கந்தசாமி